விமானம் விழுந்தால், பக்கம் 31

எங்கள் யார்டின் மேல் விமானம் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. பக்கம் 31-இல் தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். யாருக்கு முதலில் போன் போட வேண்டும், எந்த கேட்டைத் திறந்துவிட வேண்டும், சிதறிக் கிடக்கும் பாகங்களை ஏன் யாரும் தொடக்கூடாது, எல்லாம் உண்டு. தண்ணீர் வந்தால்? அதற்கும் எழுதியிருந்தேன். ஒன்றரை வரி. ‘மேற்பார்வையாளர் நிலைமையைக் கண்காணித்து உரிய நடவடிக்கை எடுப்பார்.’ அந்த மேற்பார்வையாளர் நான்தான். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி ராத்திரி, ஆபீஸ் மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நிலைமையை நன்றாகவே கண்காணித்தேன். உரிய நடவடிக்கை எது என்றுதான் தெரியவில்லை.

திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் கஸ்டம்ஸ் வேலை முடியும்வரை வந்து தங்கும் சத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பி.காம். பேரிடருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் ‘அவசரகாலத் திட்டம் எங்கே?’ என்று கேட்ட நாளில், ஆபீஸில் வேகமாக டைப் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் எங்கள் இரண்டரை ஏக்கரின் தலையெழுத்து என் கைக்கு வந்தது.

நண்பர் ஒருவர் ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. அவர்களுக்கு இது சட்டம். 1984-இல் போபால் நடந்தது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயமான வேலை நடக்கும் ஆலை ஒவ்வொன்றும் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். 1989-இல் வந்த விதிகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தச் சொல்கின்றன. நண்பர் தன் ஆலையின் ஒவ்வொரு வால்வையும் நேரில் பார்த்து எழுதியவர். மூன்று மாதம் ஆயிற்றாம். நான் அதைப் பென்டிரைவில் வாங்கிவந்து, ஆலையின் பெயர் வரும் இடமெல்லாம் எங்கள் பெயரை மாற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்தது.

அதனால் எங்கள் திட்டத்தில், ‘குளோரின் கசிந்தால் பாய்லர் ஆபரேட்டர் உடனே பாய்லரை நிறுத்துவார்’ என்று இருந்தது. எங்களிடம் குளோரின் கிடையாது. கேன்டீனில் டீத்தண்ணி கொதிக்கும் அண்டாவைத் தவிர வேறு பாய்லரும் கிடையாது. நாலு வருஷம் அந்த வரியை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. ஐந்தாம் வருஷம் ஆடிட்டுக்கு வந்த ஓர் இளம்பெண், “பாய்லர் ஆபரேட்டரைப் பார்க்கலாமா சார்?” என்றாள். “இன்னைக்கு லீவும்மா” என்றேன். சொல்லிவிட்டு, கேன்டீன் மாஸ்டர் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று திருவொற்றியூர் வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டேன்.

நானாகச் சொந்தமாகச் செய்தது மதிப்பெண் போடுவது ஒன்றுதான். அந்தப் பாவத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆபத்துக்கும் இரண்டு எண்கள் போட வேண்டும். நடக்கும் வாய்ப்பு ஒன்றிலிருந்து ஐந்து வரை, நடந்தால் வரும் சேதம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. இரண்டையும் பெருக்கினால் அதிகபட்சம் 25. சின்ன எண்ணுக்குப் பச்சைக் கட்டம், நடுவில் மஞ்சள், பெரிய எண்ணுக்குச் சிவப்பு. சிவப்பில் விழுந்தால் ‘இதைச் சரிசெய்ய என்ன செலவு, எந்தத் தேதிக்குள்’ என்று பக்கத்திலேயே எழுதியாக வேண்டும். ஜெனரேட்டரை நாலடி மேடை கட்டி ஏற்றி வைக்க ஒரு மேஸ்திரி சொன்ன தொகை என் காதில் இருந்தது. அந்தத் தொகையைக் கேட்டால் எங்கள் மேனேஜர் முகம் போகிற போக்கும் கண்ணில் இருந்தது. வெள்ளத்துக்கு நாலு பெருக்கல் நாலு, பதினாறு என்று முதலில் போட்டேன். சிவப்பு. டீ குடித்துவிட்டு வந்து வாய்ப்பை இரண்டாக்கினேன். எட்டு. மஞ்சள். அழகான மஞ்சள்.

மனசாட்சிக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் யார்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது உண்மை. ஆனால் அது நூறாண்டுக்கு ஒருமுறை வருகிற மழை என்று எல்லாரும் சொன்னார்களே? அப்படியானால் அடுத்தது 2115-இல்தானே என்று பி.காம். மூளை கணக்குப் போட்டது. நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதும், முப்பது வருஷம் ஓரிடத்தில் குந்தியிருந்தால் அது ஒருமுறையாவது வந்துபோகும் வாய்ப்பு நாலில் ஒரு பங்குக்கு மேல் என்பதும் பிற்பாடு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது. லாட்டரிச் சீட்டு வாங்குகிறவனுக்குப் புரிகிற இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. விமானம் விழுவதற்கு ஒன்று பெருக்கல் ஐந்து, ஐந்து. பச்சை. செலவே கிடையாது. செலவில்லாத ஆபத்துகளுக்கெல்லாம் என் திட்டத்தில் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. பூகம்பத்துக்கு இரண்டு பக்கம். விண்கல்லையும் சேர்க்கலாமா என்று ஒருநாள் யோசித்தேன்.

முன்னுரையில் வரலாறு வேறு எழுதியிருந்தேன். கட்டிக்கொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்களை, வேலை முடியப்போகிற சமயத்தில், 1881 நவம்பர் 12-ஆம் தேதிப் புயல் அடித்துப்போட்டது. கிரேன்களையும் கடலில் தள்ளியது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் அதற்குக் குறிபார்க்கச் சிரமமே இல்லை. ‘சரியான எம்டன்டா அவன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். இதையெல்லாம் எழுதிவிட்டு, ‘ஆகவே நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்’ என்று முடித்திருந்தேன். அதன் பிறகுதான் குளோரின்.

எங்கள் கேட்டில் ஒரு பெரியவர் செக்யூரிட்டியாக இருக்கிறார். சின்னக்குப்பத்துக்காரர். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், முட்டி வலி வந்தபின் காக்கிச் சட்டை போட்டார். ஒத்திகைகளில் அவருக்கு நான் கொடுத்திருந்த வேலை, ஹூட்டர் அடித்ததும் கேட்டைத் திறந்து சல்யூட் வைப்பது. ஒத்திகை என்றால் முதல் நாளே போர்டில் எழுதிப்போடுவோம்: ‘நாளை காலை 11 மணிக்குத் தீ விபத்து’. பதினொன்றுக்கு ஹூட்டர் அடிக்கும். எல்லாரும் கையிலிருந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டு, தலையில் ஹெல்மெட்டுடன், பச்சைப் பலகை நட்டிருக்கும் அசெம்பிளி பாயின்ட்டில் ஒன்றுகூடுவோம். மூன்று நிமிஷம் நாற்பது நொடி. போட்டோ. வடை.

அந்த அசெம்பிளி பாயின்ட்டை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே எப்போதும் இடம் காலியாக இருக்கும். ஏன் காலியாக இருக்கிறது என்று யோசித்ததில்லை. ஒரு ஒத்திகை முடிந்து வடை சாப்பிடும்போது பெரியவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

“சார், இந்த எடத்துல டிரைவர்ங்க ஒருத்தனும் வண்டி வுட மாட்டான், தெரியுமா?”

“ஏன்ணா?”

“மொத்த யார்டு தண்ணியும் இங்கதான் வந்து நிக்கும். நீ வரைஞ்ச அம்புக்குறி கீதே, அத்த பாத்துக்கினுதான் தண்ணியே வருதோன்னு எனக்கு டவுட்டு.”

சிரித்தேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னேன். குறித்தும் கொண்டேன், அந்த டைரி இன்னும் இருக்கிறது. பலகையும் அங்கேயே இருந்தது. அதைப் பிடுங்கி நட்டால் வரைபடம் மாறும், வரைபடம் மாறினால் ஒவ்வொரு சுவரிலும் ஒட்டிய லேமினேஷன் மாற வேண்டும். போன வாரம்தான் பதினெட்டு காப்பி லேமினேட் செய்திருந்தேன்.

2020 ஆகஸ்ட்டில் ஒருமுறை வயிறு கலங்கியது. 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. வருஷக்கணக்காகக் கிடங்கில் கிடந்த 2,750 டன். அடுத்த ஓரிரு நாளில், மணலியில் ஒரு கன்டெய்னர் நிலையத்தில் 2015 முதல் கஸ்டம்ஸ் பறிமுதல் சரக்காக அதே ரசாயனம் சுமார் 700 டன் கிடக்கிறது என்று டிவியில் ஓடியது. பிறகு ஏலம் எடுத்தவர்களுக்காக லாரி லாரியாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். டிவியில் அது ஓடிய அன்றைக்கே என் மைத்துனர் போன் செய்து, “மாமா, உங்க யார்டுல என்ன இருக்கு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விமானம் விழுந்தால் என்ன செய்வது என்று எழுதியவனுக்கு, தன் யார்டின் கடைசி வரிசையில், புல் முளைத்துக் கிடக்கும் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

கஸ்டம்ஸ் சட்டப்படி முப்பது நாளில் எடுக்காத சரக்கை அனுமதி வாங்கி விற்கலாம். ஆனால் வழக்கு, தகராறு, ஓடிப்போன இறக்குமதியாளர் என்று சில பெட்டிகள் வருஷக்கணக்கில் சத்திரத்தை விட்டுக் கிளம்பாது. ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய லிஸ்டைத் தேடி எடுத்தேன். ஒன்றில் தையல் மெஷின் பாகங்கள். ஒன்றில் பிளாஸ்டிக் பொம்மை. மற்றொன்றில் 2014-இல் வந்திறங்கிய பேரீச்சம்பழம். பேரீச்சம்பழம் வெடிக்காது என்று தெரிந்தபோது வந்த நிம்மதியில், கட்டத்தில் ‘அபாயச் சரக்கு’ என்ற வரிக்குப் பச்சை அடித்துவிட்டுத் தூங்கினேன். இனி மாதாமாதம் அந்த லிஸ்டைப் பார்க்க வேண்டும் என்றும் முடிவெடுத்தேன். இரண்டு மாதம் பார்த்தேன்.

சரி, அந்த 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு வருவோம். இணைப்பு 4-இல் துறைமுகப் புயல் கூண்டு அட்டவணையை அழகாகக் கட்டம் போட்டுத் தந்திருந்தேன். ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் எங்கோ உருவாகியிருக்கிறது, பத்து என்றால் பெரும் அபாயம். எல்லாரும் பத்தோடு முடிகிறது என்று நினைப்பார்கள். பதினொன்று ஒன்று உண்டு. வானிலை மையத்தோடு இருந்த தொடர்பே அறுந்துவிட்டது, இனி நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரியே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று அர்த்தம். டைப் அடிக்கும்போது இதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். இதற்கு எதற்கு ஒரு கூண்டு என்று.

அன்று சாயங்காலமே சிக்னல் போய்விட்டது. என் திட்டத்தின் முதல் கட்டளை: ‘தொலைபேசிச் சங்கிலியைத் தொடங்கவும்.’ கிடைத்த கொஞ்ச நேரத்தில் ஒன்பது பேருக்கு அடித்தேன். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய் வருஷமாகிறது. ஒருவர் துபாயிலிருந்து எடுத்து, “என்ன சார், அங்க மழையா?” என்று நலம் விசாரித்தார். இரண்டாம் கட்டளை: ‘ஜெனரேட்டரை இயக்கவும்.’ ஜெனரேட்டர் அறைக்குப் பூட்டு. சாவி ஆபீஸ் பீரோவில். பீரோ சாவி எலக்ட்ரீஷியனிடம். எலக்ட்ரீஷியன் வியாசர்பாடி சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம். பூட்டை உடைக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள், நாலடி மேடையில் இருந்திருக்க வேண்டிய ஜெனரேட்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மூன்றாம் கட்டளை என்னவென்று பார்க்கலாம் என்றால், திட்டம் கம்ப்யூட்டரில். அதன் நகல் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க், அதே கம்ப்யூட்டர் மேசையின் கீழ் டிராயரில். நீரில் ஊறியது. சுவரில் ஒட்டிய பதினெட்டு லேமினேஷன் மட்டும் பத்திரமாக இருந்தது. அம்புக்குறி போகச் சொன்ன அசெம்பிளி பாயின்ட்டில் பச்சைப் பலகையின் தலை மட்டும் தெரிந்தது.

அப்புறம்தான் டமார் என்று சத்தம். காலி கன்டெய்னர் மிதக்கும் என்று எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் கன்டெய்னரோடு வாழ்ந்தவன் சொல்கிறேன். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்புப் பெட்டி, நிற்கிற இடத்தைவிட்டு எங்கே போகும் என்று இருந்தேன். இருபதடிப் பெட்டியின் அடிப்பரப்பைப் போட்டுப் பார்த்தால் கணக்கு எளிது. கதவு ரப்பர் மட்டும் நன்றாக இருந்தால், முழங்கால் அளவு தண்ணீரே அதைத் தூக்கிவிடும். எங்கள் பெட்டிகளின் ரப்பரெல்லாம் அன்றைக்குப் பார்த்து நன்றாக இருந்தது. ஒன்று மிதந்து வந்து கேன்டீன் சுவரில் முட்டியது. திட்டத்தில் மட்டும் இருந்த பாய்லர் இப்போது நிஜமாகவே இல்லாமல் போனது.

ஆள் சேதம் ஏதும் இல்லை. அதில் எனக்குப் பங்கும் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கே பெரியவர் யாரையும் கேட்காமல், டிரெய்லர் டிரைவர்களையும் வடநாட்டுப் பையன்களையும் கிளப்பி, இரண்டாம் குடோனின் லோடிங் மேடைக்கு ஏற்றியிருக்கிறார். புழல் ஏரி உபரி நீர் சடையங்குப்பம் பக்கம் எப்போது வரும் என்று அவருக்கு ஒரு கணக்கு. நான் மேசை மேல் இருப்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச்சோடு வந்து, “இன்னா சார், நீ இன்னும் இங்கயா கீற?” என்று கேட்டார். பதினோராம் கூண்டை யார் ஏற்றினார்கள் என்று அப்போது புரிந்தது.

வெள்ளம் வடிந்தபோது சுவரெல்லாம் கறுப்புக் கோடு. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் போனது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுத்தது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் படகில் போய் மக்கையும் வாளியையும் வைத்து மொண்டார்கள். 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் அதே வாளிதான். இத்தனைக்கும் கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்று தேசிய அளவில் ஒரு திட்டம் 1996 முதல் இருக்கிறது. அதை எழுதியவர்கள் என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரர்கள். இருந்தும் கடைசியில் கைக்கு வந்தது வாளி. இதில் எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம் உண்டு, மறைப்பானேன்.

மிக்ஜாம் வந்த அதே டிசம்பர் 26-ஆம் தேதி. சுனாமி வந்து பத்தொன்பது வருஷம் முடிந்த நாள். நள்ளிரவுக்குச் சற்று முன்னால் எண்ணூர் பெரியகுப்பம் கரையில், கப்பலிலிருந்து உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியவர் சின்னக்குப்பத்திலிருந்து போன் செய்தார். “சார், கண்ணு எரியுது, மூச்சு வுட முடியல. நீதான் எழுதி வச்சிருக்கியே, இன்னா பண்றது சொல்லு.”

எர்ணாவூரில் தூக்கத்திலிருந்து எழுந்த எனக்கு நண்பரின் ஆலைத் திட்டம் அப்படியே வாயில் வந்தது. “காற்றுக்கு எதிர்த்திசையில் வெளியேறவும்” என்றேன். அப்படியே, எழுத்து நடையில்.

“எதுத்தா? காத்து கடல்லேர்ந்து வருது. எதுத்துப் போனா கடலுக்குள்ள தான் போவணும்.”

பதில் இல்லை என்னிடம். காற்றுக்குக் குறுக்கே ஒதுங்கிப் போக வேண்டும் என்பது அடுத்த வரி. நான் முதல் வரியோடு நிறுத்தியிருந்தேன். மைனஸ் 33 டிகிரியில் திரவமாக வருகிற அம்மோனியா, காற்றைவிட லேசு என்றாலும், குளிர்ந்த புகையாகத் தரையோடு படரும். தண்ணீரில் சட்டென்று கரையும் என்பதால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டாலே கொஞ்சம் தாங்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும், பக்கம் 22. அந்த நேரத்தில் வரவில்லை. போனில் பின்னால் பெண்கள் சத்தம், ஆட்டோ சத்தம். “சரி வுடு சார், பொம்பளைங்க ஏற்கெனவே துண்ட நனைச்சுக் கட்டிக்கினாங்க, தெக்கால நடக்கறோம்” என்று வைத்துவிட்டார். 50-க்கும் மேற்பட்டோர் அன்றிரவு ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். விடிய விடிய நான் பால்கனியில் நின்றேன். எங்கள் யார்டின் காற்றுத்திசைப் பை வெயிலில் நைந்து கிழிந்து இரண்டு வருஷமாகிறது என்பதும், பெரியவர் எப்போதும் எதிர்த்த டீக்கடைக் கட்சிக் கொடியைப் பார்த்துத்தான் காற்று சொல்வார் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தன.

புதிய திட்டம் ஆறு பக்கம். பெரியவரைக் கூட்டிக்கொண்டு யார்டைச் சுற்றி நடந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வெள்ளத்துக்குப் பதினாறு, சிவப்பு. மேனேஜர் முகம் நான் எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை என்பது ஒரு தனி வெட்கம். இத்தனை வருஷம் கேட்கவே இல்லையே. ஜெனரேட்டர் மேடை ஏறியது. விமானம் போய்விட்டது. பேரீச்சம்பழத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஜெனரேட்டர் அறைச் சாவிக்குக் கேட் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து, மேலே சிவப்பு பெயின்ட்டில் ‘சாவி’ என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான பேரிடர் மேலாண்மை அந்த ஆணிதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன்.

போன ஐப்பசியில் மறுபடியும் அந்த ஆடிட் பெண் வந்தாள். சாவியை ஆணியிலிருந்து கழற்றிக் காட்டினேன். எப்படிச் சுலபமாகக் கழற்றலாம், எப்படிச் சுலபமாக மாட்டலாம் என்று விளக்கினேன். நன்றாக இருக்கிறது என்றாள். ராத்திரி பத்து மணிக்கு மழை பிடித்தது, யார்டில் கரன்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டில் பேன்ட்டை ஆணியில் மாட்டும்போது பாக்கெட்டில் ஏதோ கனத்தது.

எர்ணாவூர் மேம்பாலத்தில் ஸ்கூட்டர் இரண்டு முறை நின்றது. நனைந்து போய்ச் சேர்ந்தபோது யார்டு முழுக்க வெளிச்சம், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் சாவியை நீட்டினேன். அவர் தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்துக் காட்டினார். ஆணி அடித்த அன்றைக்கே தண்டையார்பேட்டையில் வெட்டிக்கொண்டாராம்.

“இத்த மட்டும் பிளான்ல எழுதிடாத சார்” என்றார். “எழுதுனா காணாப் பூடும்.”